பிள்ளை யாரிடம் வளர வேண்டும்?

“ஃபாதர், என் மனைவி குடியை விடவில்லை. பிள்ளையை என்னிடம் தரும்படி கோர்ட்டுக்குப் போவது பாவமா?” என்று கேட்கும் தகப்பன்மார் நம் பனியன் கம்பெனிகளிலும் உண்டு.

பாவமில்லை. பிள்ளையைக் காப்பது தகப்பனின் கடமை. ஆனால் கோர்ட் கணவன், மனைவி இருவரில் யார் நல்லவர் என்று தேர்வு நடத்துவதில்லை. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி பிள்ளையின் நலனைத்தான் பார்க்கும்; விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். 1973இல் ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே “அவள் குடிக்கிறாள்” என்பது மட்டும் போதாது. நீங்கள் நைட் ஷிஃப்ட் போனால் பிள்ளைக்குச் சோறு போடுவது யார், பள்ளிக்கு அனுப்புவது யார்? இதற்கும் பதில் வேண்டும்.

தாயின் நிலை என்ன? மதுவாலும் போதையாலும் வரும் மனநலப் பாதிப்பை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாகவே ஏற்கிறது. எனவே அவருக்குச் சிகிச்சைக்கு வழி தேடுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க அவர் பிள்ளையைப் பார்த்துப்போக நீங்களே கோர்ட்டில் கேளுங்கள்.

சாலமோன் அரசர்முன் நின்ற உண்மைத் தாய், பிள்ளை பிழைத்தால் போதுமென்று தன் உரிமையையே விட்டுக்கொடுத்தாள். திருத்தந்தை பிரான்சிஸும் 2016இல் ‘அன்பின் மகிழ்வு’ மடலில், பிரிந்த பெற்றோர் பிள்ளையைப் பணயமாக்கக் கூடாது என்று வேண்டினார். வழக்குப் போடும் தகப்பனே, மனைவியைத் தோற்கடிக்கவா, பிள்ளையை வாழவைக்கவா? மனுவில் கையெழுத்திடும் முன் ஆண்டவர் முன்னிலையில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.