கட்டுண்ட தண்டுவடம்

பள்ளி செல்லும் பிள்ளை படுக்கையை நனைத்தால், சோம்பல் என்றெண்ணி அடிக்கும் பெற்றோர் நம் பங்குகளில் இன்றும் உளர். அடி எப்பிள்ளைக்கும் மருந்தன்று. அவருள் ஒருசிலர்க்கு நோயின் வேர் முதுகில் மறைந்திருத்தல் கூடும்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை நீள்வதில்லை. வளர்ந்தோர்க்கு அது இடுப்புப் பகுதியின் 1 அல்லது 2ஆம் முள்ளெலும்பருகே முடிவுறும். அதன் நுனியினின்று மெல்லிய இழையொன்று கீழிறங்கும். பிறவியிலேயே அவ்விழை தடித்திருப்பினும், கொழுப்புக் கட்டி பற்றியிருப்பினும், தண்டுவடம் கீழே கட்டுண்டு நிற்கும். பிள்ளை வளர வளர அது இழுபட்டு நலியும். வளர்ந்தோர்க்கு அரிதாக அவ்விழையிலேயே கட்டி தோன்றி, நெடுநாள் முதுகுவலி தருவதும் உண்டு.

இடுப்பின் பின்புற நடுவில் மயிர்க்கற்றை, மெத்தென்ற கட்டி, ஆழ்ந்த குழி ஆகியன காணின் அசட்டை செய்யலாகாது. நடை தடுமாறுதல், பாதம் வளைதல், நின்றுபோன சிறுநீர்க் கசிவு மீண்டும் தொடங்குதல் ஆகியனவும் எச்சரிக்கைகளே. எம்.ஆர்.ஐ. படம் உண்மையைக் காட்டும். அறுவை மருத்துவத்தால் கட்டினை விடுவிக்கலாம். ஆயினும் காலம் தாழ்த்தின், இழந்த வலிமை முழுவதும் மீளாமற் போகலாம்.

பார்வையற்றுப் பிறந்தவனைக் கண்ட சீடர், பாவஞ் செய்தவர் யாரென வினவினர். ஆண்டவரோ அவனையும் பழிக்கவில்லை, அவன் பெற்றோரையும் பழிக்கவில்லை, அவனுக்கு நலமளித்தார். பெற்றோரே, பிரம்பை எறிந்துவிட்டுப் பிள்ளையின் கைபற்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.