கதவு எண்ணுள்ள ஒரு வீடு

தமிழ்நாட்டு எல்லையில் ஊத்துக்கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கடைப் பலகைகளில் எழுத்து தெலுங்காகிவிடும். டீக்கடைப் பேச்சில் தமிழ் தொடரும். சத்தியவேடு அப்படிப்பட்ட ஊர். 1960 ஏப்ரல் 1 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த பரிந்துரைப்படி திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோது, இந்தப் பகுதி ஆந்திரத்துக்குப் போனது. பிறகு சித்தூர் மாவட்டம்; 2022 முதல் திருப்பதி மாவட்டம்.

இப்படித் தமிழ் பேசுகிற ஊர்களில் ஒரு வசை உண்டு. சற்று வேறுமாதிரி நடந்துகொள்பவரைப் பார்த்தால், "கீழ்ப்பாக்கம் கேஸு" என்பார்கள். சின்ன வயதில் நானும் அர்த்தம் தெரியாமல் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு முழுத் தீர்ப்பே இருக்கிறது: இவர் நம்மோடு இருக்க வேண்டியவர் இல்லை, இவருக்கென்று வேறொரு இடம் இருக்கிறது.

அந்த இடத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வேர் 1794-இல் சென்னையில் தொடங்கிய ஒரு காப்பகம். இப்போதுள்ள வளாகத்துக்கு அது வந்தது 1871-இல். ஆந்திர அரசின் பழைய, பெரிய மனநல மருத்துவமனை இருப்பதோ விசாகப்பட்டினத்தில்; சத்தியவேட்டிலிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். நோய் முற்றிய நேரத்தில் எல்லையோர மக்களுக்குக் கைக்கெட்டுவது சென்னைதான். சேர்ப்பது ஒரு நாள் வேலை. திரும்பி வருவதுதான் பலருக்கு நடக்கவே இல்லை. தங்கை கல்யாணம், பிரிந்த சொத்து, இறந்துபோன அம்மா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம். அந்தக் குடும்பங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணைக்கு ஆளே இல்லாமல் வருடக்கணக்கில் தூக்கம் கெட்டவர்கள் அவர்கள்.

குடும்பமும் கைவிட்டு, ஆஸ்பத்திரியும் எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். சங்கிலி போய்விட்டது. ஆனால் அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது இன்னொரு வார்டுக்கு.

இந்த வளையத்தை உடைக்க வழி காட்டியவர்கள், தாங்களே ஒரு காப்பகம் நடத்தியவர்கள் என்பது என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது. தெருவில் தவித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சேர்க்க இடம் கிடைக்காமல், 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் 'தி பான்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். முகப்பேரில் அவர்கள் நடத்திய 'அடைக்கலம்' ஏராளமான பெண்களைத் தெருவிலிருந்து மீட்டது. முகவரி தேடிப் பிடித்துப் பலரை வேறு மாநிலங்களுக்குக்கூட வீடு கொண்டு சேர்த்தார்கள். சேர்க்க முடியாதவர்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள், வருடக்கணக்கில். அன்பாக நடத்தினாலும் காப்பகம் காப்பகம்தான். மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம்.

அதற்கு மாற்றாக 2015-இல் பான்யனின் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டம் பிறந்தது. சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். துணைக்கு ஒரு பணியாளர். இன்றைக்குச் சாம்பாரா, மீன் குழம்பா என்று அவர்களே முடிவு செய்வார்கள். சந்தைக்குப் போவார்கள், முடிந்தவர்கள் வேலைக்கும் போவார்கள். மாத்திரை உண்டு, மருத்துவர் வருகையும் உண்டு. முதலில் குணமாகு, பிறகு வீடு தருகிறோம் என்று யாரும் நிபந்தனை போடுவதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை, நோய் முழுக்கப் போன பிறகு வீட்டுக்கு வந்தால் போதும் என்று நாம் சொல்கிறோமா? கேரளம், மகாராஷ்டிரம், அசாம் வரை இந்த வீடுகள் பரவின. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டியில் இதை நல்ல முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது.

கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 1950-களின் நடுவிலிருந்து அங்கே பெரிய மனநல மருத்துவமனைகள் காலியாயின. வெளியே வேண்டிய ஏற்பாடு வரவில்லை. பலர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியா வேறு வழியில் போனார். அங்கே மருத்துவமனையை மூடும் வேலையோடு வீடும் வேலையும் பேட்டை மனநல மையங்களும் சேர்ந்து வளர்ந்தன. 1978-இல் அதுவே நாட்டின் சட்டமாயிற்று.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. சட்டம் வந்த பிறகு, 2019-இல் வெளியான ஓர் ஆய்வு அரசு மனநல மருத்துவமனைகளில் உள்ளவர்களைக் கணக்கெடுத்தது. ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருந்தவர்கள் 36 சதவீதம்.

சத்தியவேட்டுக்குத் திரும்பி வருவோம். மன நோய், அறிவுசார் குறைபாடு உட்பட 21 வகைகளை மாற்றுத்திறன் என ஏற்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆந்திரத்தில் 'சதரம்' என்ற மாற்றுத்திறன் சான்றிதழ் வாங்கினால் பென்ஷன். 2024 ஜூலையில் அந்தத் தொகை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ஆனது. மாதப் பிறப்பில் சச்சிவாலய (ஊர்ச் செயலக) ஊழியர் வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கிறார். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம், கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. இந்த வித்தியாசத்தைத் தமிழ்நாடு கூச்சத்தோடு பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஆந்திரக் கணக்கில் மாதம் 30,000 ரூபாய். துணைப் பணியாளரின் சம்பளத்தை அரசு ஏற்றால், வாடகையும் அரிசியும் பருப்பும் இதில் அடங்கும்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி தொழில் நகரம். வெளியூர்த் தொழிலாளர்கள் நாலு பேர், ஐந்து பேர் சேர்ந்து வீடெடுத்துத் தங்குவது இங்கே புதுமை இல்லை. அதே மாதிரி வீடு, அதே தெரு. வேண்டியது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தன் பெயரில் வாடகை ஒப்பந்தம் போடுவது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல மாத்திரை தீராமல் இருப்பது. தமிழும் தெலுங்கும் தெரிந்த உள்ளூர்ப் பெண்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்து நியாயமான சம்பளம் தருவது.

ஆனால் சான்றிதழுக்கு ஆதார் கேட்பார்கள். ஆதாரில் முகவரி கேட்பார்கள். இருபது வருடம் வார்டில் கிடந்தவரிடம் படுக்கை எண்தான் இருக்கிறது. அந்தப் படிவத்தில் கதவு எண், தெரு, சத்தியவேடு என்று நிரப்ப, யாராவது ஒரு வீட்டுக்காரர் முதலில் சாவியைக் கொடுக்க வேண்டும்.