தண்ணீர்ச் சட்டி சீக்கிரம் வற்றுகிறதா?

பேசாலையிலும் தலைமன்னாரிலும் மீன்தலை தின்று வளரும் பூனைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுக்கு வயது ஏழெட்டைத் தாண்டியதும் ஓசைப்படாமல் வருகிற நோய்களில் முக்கியமானது சிறுநீரக நோய். நாய்க்கும் வரும், பூனைக்குக் கூடுதலாக வரும். வீட்டார் கவனிக்கிறபோது பெரும்பாலும் பிந்திவிடுகிறது.

அதற்குக் காரணம் உண்டு. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் இரத்தத்தில் கிரியேற்றினின் தெளிவாக ஏறும். சலத்தைச் செறிவாக்கும் சக்தி அதற்கு முன்பே குறைகிறது. அதனால் விலங்கு நிறையச் சலம் விடும், அதை ஈடுகட்ட நிறையத் தண்ணீர் குடிக்கும். மன்னார் வெயிலில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. "சூட்டுக்குக் குடிக்குது" என்று விட்டுவிடுகிறோம். சூட்டுக்குக் குடிக்கும் நாயின் சலம் அவ்வளவாகக் கூடாது. நோயுள்ள நாயோ இரவிலும் எழுந்து வெளியே போகக் கேட்கும். சட்டியில் அளந்து ஊற்றிப் பாருங்கள்: 10 கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லீற்றருக்கு மேல் குடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது காலைச் சலத்தின் அடர்த்தி. நாய்க்கு 1.030, பூனைக்கு 1.035 என்ற அளவுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் சந்தேகிக்க வேண்டும். பிறகு சலத்தில் புரதம், இரத்தத்தில் கிரியேற்றினின், பொஸ்பரசு, கூடவே இரத்த அழுத்தம். உலகெங்கும் கால்நடை வைத்தியர்கள் கிரியேற்றினினை வைத்தே நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். டெசிலீற்றருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் நான்காம் நிலை. மெலிந்த பூனைக்குத் தசை குறைவு என்பதால் இந்த எண் பொய்யாகக் குறைந்து காட்டும். ஒரே அறிக்கையை வைத்து முடிவுகட்டக் கூடாது.

மாரி மழையோடு வருவது வேறு வகை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சல் நாய்களையும் தாக்கும். எலியின் சலம் கலந்த வெள்ளத்தில் நடந்த நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள், பிறகு சலமே வராத நிலை என்று சில நாட்களில் முற்றிவிடும். கட்டுக்கரைக் குளத்து வயல்களில் ஓடித்திரியும் நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆனால் உடனே அன்ரிபயோட்டிக்கும் சேலைனும் கிடைத்தால் சிறுநீரகம் மீளக்கூடும். அந்த நாயின் சலத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கிருமி மனிதருக்கும் தொற்றும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு.

முதலில் சொன்ன நாட்பட்ட நோய் மாறாது, ஆனால் வேகத்தைக் குறைக்கலாம். இதில் சாப்பாடு பெரிய மருந்து. கருவாட்டை நிறுத்துங்கள், மீன்தலை, முள், எலும்பு எல்லாவற்றிலும் பொஸ்பரசு அதிகம், அதுதான் நோயை வேகமாக முற்றவைக்கிறது. முள்ளெடுத்த சதையோடு முட்டை வெள்ளைக்கரு கொடுக்கலாம். அதற்காகப் புரதத்தை முற்றாக வெட்டிவிடக் கூடாது. பூனை சதை கரைந்து ஒடுங்கிவிடும். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் ஏறிய பூனைக்குத் திடீரெனக் கண் தெரியாமல் போகலாம். அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை உண்டு.

நொண்டுகிறது என்று வீட்டிலுள்ள வலிமாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரொஃபன், டைக்குளோபெனக் இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பரசிற்றமோல் பூனையைக் கொன்றே விடும்.

ஏழு வயது கடந்த நாயோ பூனையோ உங்களிடம் இருந்தால், விசர்நோய்த் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் நாளிலேயே காலைச் சலத்தையும் சுத்தமான போத்தலில் எடுத்துச் செல்லுங்கள். எடையையும் நிறுத்து எழுதி வையுங்கள்.