மஞ்சள் குழாயும் மின்னலும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லப்பக் என்றொரு நகரம். 2012-ல் அங்கே ஒரு வீட்டில் மின்னல் இறங்கியது. உள்ளே ஓடிய கேஸ் குழாய் துளைபட்டு, வீடு தீப்பற்றியது. ஓர் இளைஞர் உயிரிழந்தார். அந்தக் குழாய், மஞ்சள் உறை போட்ட, வளைந்து கொடுக்கும் எவர்சில்வர் நெளிவுக் குழாய்.

இந்தக் குழாய் 1980-களில் ஜப்பானில் உருவானது. நிலநடுக்கத்தில் பழைய இரும்புக் குழாய்களின் இணைப்புகள் முறிந்து கேஸ் கசியும். இதுவோ வீட்டோடு சேர்ந்து ஆடும், முறியாது. சுவருக்குள் இழுத்துச் செல்வதும் எளிது. அதனால் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கான வீடுகளில் நுழைந்தது. நிலம் ஆடினால் தாங்கும் இந்தக் குழாய்க்கு ஆபத்து வானத்திலிருந்து வந்தது.

காரணம் அதன் மெல்லிய சுவர். அரை அங்குல இரும்புக் குழாயின் சுவர் சுமார் 2.8 மில்லிமீட்டர் தடிமன். நெளிவுக் குழாயின் சுவரோ ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான்.

சாதாரண மின்னலில் சுமார் 30,000 ஆம்பியர் மின்சாரம் பாயும். அது இறங்கும் இடத்தில் எர்த்தின் மின்தடை 10 ஓம் என்று வையுங்கள். 30,000-ஐப் பத்தால் பெருக்கினால் 3 லட்சம் வோல்ட்! கணநேரத்துக்கு வீட்டின் ஒரு உலோகப் பொருள் இந்த உயரத்துக்கு எகிறுகிறது. பக்கத்திலுள்ள இன்னொன்று கீழேயே நிற்கிறது. அந்த வித்தியாசம்தான் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்கிறது. பரணில் ஏ.சி. குழலுக்கோ மின்கம்பிக்கோ அருகில் மஞ்சள் குழாய் கிடந்தால், பொறி அதில் ஊசித்துளை போட்டுவிடும். குழாய்க்குள் காற்று இல்லாததால் குழாய் வெடிப்பதில்லை. வெளியே பீறிடும் கேஸ், அதே பொறியில் பற்றி, கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஊதுகுழல் தீயைப்போல எரியும். மின்னல் வீட்டின் மீதே விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலும் இது நடக்கலாம்.

மின்கம்பியில் உட்காரும் காகத்துக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அதன் இரண்டு கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. வீட்டுக்கும் அதுவே வழி. கேஸ் குழாயையும் மின்சார எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்துவிட்டால், ஏறும்போது எல்லாம் சேர்ந்தே ஏறும். பொறி பாய்வதற்கான வாய்ப்பு வெகுவாகக் குறையும். இதை ‘பாண்டிங்’ என்பார்கள். அமெரிக்க எரிவாயு விதித்தொகுப்பு 2009 முதல் மஞ்சள் குழாய்க்கு இதைக் கட்டாயமாக்கியது. கம்பி சுமார் 4 மில்லிமீட்டர் விட்டமாவது இருக்க வேண்டும். அதை மெல்லிய நெளிவுப் பகுதியில் பூட்டக் கூடாது. கெட்டியான குழாயிலோ பித்தளை இணைப்பிலோதான் பூட்ட வேண்டும். மின்சாரத்தைப் பரப்பிக் கடத்தும் கறுப்பு உறையோடு புதிய குழாய்களும் வந்துவிட்டன. இரண்டுமே ஆபத்தைக் குறைப்பவை. அடியோடு நீக்குபவை அல்ல.

ஆகவே பழக்கமும் வேண்டும். இடி இடிக்கும்போது உலோகக் குழாய்களைத் தொடாதீர்கள். மின்னல் விழுந்தபின் கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, தூரத்தில் நின்று தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். அந்த வாடையே ஒரு பேரிழப்பு தந்த பாடம். 1937-ல் அதே டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில், வாசனையற்ற கேஸ் கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். அதன்பிறகே கேஸில் வாடை சேர்ப்பது சட்டமானது.

உங்கள் பிள்ளைகளோ உறவினரோ அமெரிக்காவில் வீடு வாங்கியிருந்தால், அடுத்த முறை பேசும்போது ஒன்று கேளுங்கள்: “கேஸ் குழாய் மஞ்சளா? எர்த்தோடு இணைத்திருக்கிறார்களா?” தெரியாது என்றால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த இடிமழைக்கு முன்பே அந்தக் கம்பி அங்கே இருக்கட்டும்.