தென்சீனக் குத்துக்கலையும் போட்டி மேடையும்

'ஊசூ' என்னும் சீனச் சொல்லுக்குப் போர்க்கலை என்பது பொருள். ஆயினும் இன்று அப்பெயரால் நிகழும் தனியாட்டப் போட்டியில் எதிரி இல்லை. 14 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடைய விரிப்பின்மேல் ஒருவர் தனித்து ஆடுகிறார். நடுவர் புள்ளி இடுகின்றனர். (இருவர் பொருதும் 'சண்டா' வேறு பிரிவு.) எதிரியைக் கருதிப் பிறந்த கலையை நடுவரைக் கருதி ஆடும்போது அது என்னாகிறது என்பதற்குத் தென்சீன முறைகள் தக்க சான்று.

குவாங்டோங் மாநிலத்தில் ஹுங், லாவ், சோய், லீ, மோக் எனும் ஐந்து குடிப்பெயர் கொண்ட முறைகள் புகழ் பெற்றவை. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் குடியேறிய சீனர் கொணர்ந்தவற்றுள் பல இத்தென்னாட்டு மரபின. ஹுங் முறையில் நிலை தாழ்ந்தது; கால் நிலத்தை எளிதில் விடாது. மாணவன் 'குதிரை நிலை'யில் நெடுநேரம் நின்று பழகுவான். புலியின் நகப்பிடியும் நாரையின் அலகுக் கொத்தும் அதன் கைவகைகள். ஒவ்வோர் அசைவுக்குள்ளும் ஒரு தடையோ பிடியோ அடியோ உண்டு. ஆசான் விளக்கினாலன்றி அது புலப்படாது.

1950களின் பிற்பகுதியில் சீனாவில் போட்டி விதிகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு மரபும் தனக்கென ஓர் அளவுகோல் வைத்திருந்தால் ஒப்பிட்டு மதிப்பிடுவது எங்ஙனம்? எனவே வடசீன முறைகள் சிலவற்றைத் தொகுத்துச் 'சாங்சுவான்' என்றும், தென்சீன முறைகளைத் தொகுத்து 'நான்சுவான்' என்றும் பொதுவடிவம் அமைத்தனர். இதனைக் குறைகூறுதல் தகாது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் ஊசூ இடம்பெற்றதும், இரண்டாம் உலகப் போட்டி 1993-இல் கோலாலம்பூரில் நடந்ததும் இப்பொதுமையால் கைகூடியவை.

இடர் பின்னரே வந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மதிப்பீட்டு முறை மாறிற்று. மொத்தம் 10 புள்ளி: அசைவின் செம்மைக்கு 5, ஆட்டத்தின் பொலிவுக்கு 3, அருஞ்செயலுக்கு 2. இரண்டுதானே எனத் தோன்றும். முன்னணி வீரரிடையே உள்ள வேறுபாடு நூற்றில் ஒருசில கூறே. ஆதலின் அவ்விரண்டை விட்டவர் வெல்லுதல் அரிது. அருஞ்செயலோ பெரும்பாலும் தாவிச் சுழலும் பாகையால் அளக்கப்படுவது: 360, 540, 720. சுழன்று இறங்குபவர் தள்ளாடாமல் நிற்கவும் வேண்டும். இதன் விளைவாக, நிலத்தை விடாத கலையின் வழிவந்தவர் மேடையில் பின்கரணம் இடுகிறார். அது எளிய செயலன்று. பல்லாண்டு உழைப்பைக் கேட்பது. ஆனால் நாரையின் கொத்து எத்தனை பாகை? அதற்கு அளவில்லை. புள்ளி தராததற்குப் பயிற்சி நேரமும் சுருங்குகிறது.

2004-இல் செங்சோ நகரில் மரபுமுறைகளுக்கெனத் தனி உலக விழா தொடங்கிற்று; 2017-இல் அது உலகக் குங்ஃபூப் போட்டி எனப் பெயர் மாறியது. ஆங்கே ஹுங் முறையை அதன் பெயராலேயே ஆடலாம், கரணம் வேண்டுவதில்லை. எனினும் அங்கும் விரிப்பு உண்டு, நடுவர் உண்டு, புள்ளி உண்டு. ஓர் அசைவு எதன்பொருட்டு என ஆடுபவரைக் கேட்கும் வழக்கம் மட்டும் அங்கும் இல்லை.