குடியிருப்பும் பணியிடமும்: தூரத்தை நேரத்தால் அளத்தல்

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் குடும்பத்தில் எழும் முதற்கேள்வி, எந்த ஊரில் வீடு பார்ப்பது என்பதாகும். பணியிடத்துக்கு அருகில் சிற்றூரிலேயே தங்கலாமா? பள்ளியும் மருத்துவமனையும் உள்ள நகரத்தில் ஜாகை அமைத்துக்கொண்டு நாள்தோறும் சென்று வரலாமா? களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இக்கேள்வி புதிதன்று. பெரும்பாலோர் வீட்டு வாடகை, கிலோமீட்டர் ஆகிய இரண்டு எண்களைக் கொண்டே இதற்கு விடை காண்கின்றனர். இவ்விரண்டும் போதா என்பதையும், காகிதமும் கடிகாரமும் கொண்டு இதனை எவ்வாறு ஆராயலாம் என்பதையும் இங்கே காண்போம்.

ஏர்பேட்டின் நிலை

ஆந்திர மாநிலத்தில் ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையே ஏர்பேடு அமைந்துள்ளது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர், இடைவழியில் ரேணிகுண்டா. நெடுஞ்சாலையும் கூடூர் செல்லும் ரயில் பாதையும் ஊரைத் தொட்டுச் செல்கின்றன.

திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2015ஆம் ஆண்டில் நகரத்தை அடுத்த தற்காலிக இடத்தில் தொடங்கப்பெற்றது. ஏர்பேட்டில் எழுந்த அதன் நிலையான வளாகம் 2024 பிப்ரவரி 20 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே 2015இல் தோன்றிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் ஏர்பேடு மண்டலத்திலேயே நிலையான வளாகம் கொண்டுள்ளது. இங்கே மனிதர் இடம் மாறவில்லை. பணியிடமே நகர்ப்புறத்திலிருந்து வெளியே பெயர்ந்தது. வளாகத்துக்குள் குடியிருப்புப் பெறாதவர் எவரும், முன்பு அமைத்த நகர வாழ்க்கையைத் தொடர்வதா, பணியிடத்தை நோக்கிக் குடிபெயர்வதா என்று எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும்.

பழைய கொள்கையும் இன்றைய நிலையும்

சந்தையிலிருந்து விலகச் விலகச் நிலத்தின் வாரம் குறையும் என்று ஜெர்மானியரான வான் தூனென் 1826இல் விளக்கினார். இக்கருத்தை நகரங்களுக்கு விரித்து, வில்லியம் அலோன்சோ 1964இல் ஒரு நூல் எழுதினார். பணியிடங்கள் நகர மையத்தில் இருக்க, மக்கள் வாடகைக் குறைவையும் பிரயாணச் செலவையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து நிறுத்து, தமக்கேற்ற இடத்தைத் தேர்கின்றனர் என்பது அவர் கொள்கை.

ஏர்பேட்டில் இத்தராசு தலைகீழாகிறது. பணியிடம் வெளியே உள்ளது. நகரத்தில் வசிப்பவர் கூடுதல் வாடகையும் கொடுத்துக் கூடுதல் பிரயாணமும் மேற்கொள்கிறார். மேலும், மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப் படி பணிபுரியும் இடத்தைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறதேயன்றி, வசிக்கும் இடத்தைக் கொண்டன்று. அவ்வாறிருந்தும் பலர் நகரத்தையே நாடுவது அறியாமையால் அன்று. பிள்ளைகளின் கல்வி, துணைவரின் உத்தியோகம், முதியோரின் சிகிச்சை ஆகியவை தனியொருவரின் கணக்கில் இடம்பெறா. குடும்பத்தின் கணக்கில் இடம்பெறும்.

வாசல் முதல் வாசல் வரை

பிரயாண நேரம் என்பது பஸ் ஓடும் நேரம் மட்டுமன்று. வீட்டு வாசலைக் கடந்த கணம் முதல் அலுவலக வாசலை அடையும் கணம் வரை உள்ளதே பிரயாண நேரம். ஒரு பஸ், நிறுத்தங்களையும் சேர்த்து, மணிக்குச் சராசரி 30 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். 25 கிலோமீட்டருக்கு 50 நிமிடம். நிறுத்தத்துக்கு நடக்க 10, காத்திருக்க 10, இறங்கியபின் நடக்க 10 நிமிடம் சேர்ப்பின் மொத்தம் 80 நிமிடம். போக வர 160 நிமிடம். ஆண்டில் 240 பணிநாட்கள் எனின், 640 மணி நேரம். எட்டு மணி நேரப் பணிநாளாக மாற்றினால் 80 நாட்கள்! இதனை அறிந்த பின்னரே வாடகையைப் பற்றிப் பேசுதல் தகும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற பணிகளில் உள்ளோரிடம் பணியிடத்தின் தூரமும் செல்லும் முறையும் கேட்கப்பட்டன, நேரம் கேட்கப்படவில்லை. நாமும் பெரும்பாலும் அவ்வாறே கிலோமீட்டரை மட்டும் கேட்டு நின்றுவிடுகிறோம்.

காத்திருத்தலின் கணிதம்

20 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வருமாயின், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குச் செல்பவர் சராசரியாக 10 நிமிடம் காத்திருப்பார். அதே எண்ணிக்கையுள்ள பஸ்கள் 5 நிமிடம், 35 நிமிடம் என மாறிமாறி வருமாயின் என்னவாகும்? சராசரி இடைவெளி அதே 20 நிமிடந்தான். ஆனால் நீண்ட இடைவெளியில் வந்து அகப்பட்டுக்கொள்வோரே மிகுதி. ஒவ்வோர் 40 நிமிடத்திலும் 35 நிமிடம் அந்நீண்ட இடைவெளியைச் சேர்ந்ததாகையால், சராசரிக் காத்திருப்பு 15 நிமிடத்துக்கும் மேலாகிறது. உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இதனைக் கணக்காகவே கொடுக்கலாம்.

ஆகவே, சராசரியை மட்டும் நம்பலாகாது. பிரயாண நேரம் எவ்வளவு மாறுபடுகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். பிரம்மோற்சவ நாட்களிலும் வைகுண்ட ஏகாதசியிலும் திருப்பதிச் சாலைகளின் நெரிசலை அனைவரும் அறிவர். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் நகரத் தெருக்களே வெள்ளக்காடாயின. குறித்த நேரத்தில் மணியடிக்க வேண்டிய ஆசிரியர், சராசரி நாளுக்காக அன்று, மோசமான நாளுக்காகவே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியவராகிறார். ரயிலை நம்புவோரும், ஏர்பேட்டில் நின்று செல்லும் வண்டிகள் பணிநேரத்துடன் பொருந்துகின்றனவா என்பதை முதலில் ஆராய்தல் நன்று.

பழகிப்போகுமா?

"நாளடைவில் பழகிப்போகும்" என்பர். ஆராய்ச்சிகள் இதனை முழுவதும் ஆதரிக்கவில்லை. அமெரிக்காவின் டெக்ஸாஸில் 909 உழைக்கும் பெண்களிடம் ஒரு நாளின் நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, டானியல் கானமன் முதலியோர் 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். மகிழ்ச்சி மிகக் குறைந்த வேளைகளுள் காலைப் பிரயாணம் ஒன்றாக இருந்தது. ஸ்விட்ஸர்லாந்து அறிஞர்களான ஸ்டுட்ஸர், ஃப்ரே இருவரும் ஜெர்மனியின் குடும்பங்களைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து, நெடுநேரம் பிரயாணம் செய்வோரின் வாழ்க்கைத் திருப்தி குறைந்திருப்பதை 2008இல் எடுத்துக்காட்டினர். குறைந்த வாடகையோ உயர்ந்த சம்பளமோ அவ்விழப்பை முழுவதும் ஈடுசெய்யவில்லை. வீட்டின் விசாலம் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். பஸ் நெரிசலோ ஒவ்வொரு காலையும் புதிதாகவே வருகிறது.

குடும்பக் கணக்கு

ஓர் உதாரணம் கொள்வோம். கணவர் ஏர்பேட்டில் பணிபுரிகிறார். மனைவி திருப்பதியில் ஆசிரியை. மகள் அந்நகரிலேயே படிக்கிறாள். மேற்கூறிய வேகத்தைக் கொண்டு நாள்தோறும் போக வர ஆகும் நிமிடங்களைக் கணக்கிடுவோம்.

திருப்பதியில் குடியிருப்பின், கணவருக்கு 160, மனைவிக்கு 40, மகளுக்கு 40, மொத்தம் 240.

ஏர்பேட்டில் குடியிருப்பின், கணவருக்கு 20, மற்ற இருவருக்கும் 160 வீதம், மொத்தம் 340.

ரேணிகுண்டாவில் குடியிருப்பின், கணவருக்கு 120, மற்ற இருவருக்கும் 100 வீதம், மொத்தம் 320.

மொத்தத்தை நோக்கின் திருப்பதியே சிறந்தது. ஆனால் எவர் ஒருவர் மீதும் பெருஞ்சுமை விழலாகாது என்று கருதின், ரேணிகுண்டாவே ஏற்றது; அங்கே எவருக்கும் 120 நிமிடத்துக்கு மேல் இல்லை. இனி, மனைவிக்கு வெளியே உத்தியோகமில்லை, மகள் ஏர்பேட்டுப் பள்ளியிலேயே படிக்கிறாள் என்று கொண்டால், அவ்வூரில் மொத்தம் 40 நிமிடமே ஆகும். திருப்பதியில் வசித்து மகள் அந்நகரில் படித்தால் 200 நிமிடம் ஆகும். ஊர்கள் மாறவில்லை, குடும்பம் மாறியதும் விடை மாறிவிட்டது. எனவே, பக்கத்து மேசை நண்பரின் முடிவு நமக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை.

இக்கணக்கில் அடங்காதவையும் உண்டு. ரூயா அரசு மருத்துவமனையும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞான நிலையமும் திருப்பதியில்தான் உள்ளன. அடிக்கடி சிகிச்சை வேண்டும் முதியவர் வீட்டில் இருப்பின், அச்செலவையும் தனி வரியாக எழுதிச் சேர்த்தல் வேண்டும்.

முன்பணம் கொடுக்குமுன்

வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுக்குமுன், தெரிந்தவர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி, ஒரு வாரம் அவ்வழியே சென்று வந்து பார்க்கலாம். புறப்பட்ட நேரம், பஸ் வந்த நேரம், சேர்ந்த நேரம் மூன்றையும் நாள்தோறும் குறித்தல் வேண்டும். அவ்வாரத்தில் ஒரு திங்கட்கிழமையும், கூடுமாயின் ஒரு மழை நாளும் அமைதல் நலம். மிகக் குறைந்த நேரத்தையும் மிகுந்த நேரத்தையும் அருகருகே எழுதி, குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து நோக்கினால், வாடகைச் சீட்டில் காணாத செலவு அங்கே தெரியவரும். வாடகையில் மிச்சம் பிடித்த பணம் மாத இறுதியில் கைக்கு வரும். நெடுஞ்சாலையில் கழிந்த மாலை நேரமும், அந்நேரத்தில் தந்தைக்காக விழித்திருந்து உறங்கிப்போன குழந்தையின் பேச்சும் திரும்பி வாரா.