அடித்தளமும் ஆக்கமும்

வீடு கட்ட விழைவோர் முதற்கண் மண்ணின் தன்மையை ஆராய்வர். கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் அத்தகைய மண்ணாக அமைவது இயங்குதளமாகும். கருவியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் செயலிகளையும் இணைத்து ஆள்வது அதுவே. அதனைத் தேர்வதில் ஒரு தொழிலின் ஆக்கமும் கேடும் அடங்கியுள்ளன என்பதற்குப் பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் தக்க சான்றாகும்.

கைப்பேசி விற்பனையில் உலகில் முதலிடம் வகித்த நோக்கியா, சிம்பியன் என்னும் இயங்குதளத்தைக் கையாண்டது. விசைகள் கொண்ட கருவிகளுக்கு ஏற்றதாயிருந்த அது, 2007இல் ஐபோன் கொணர்ந்த தொடுதிரை முறைக்கு எளிதில் இசையவில்லை. 2008இல் ஆண்ட்ராய்டு கைப்பேசி சந்தைக்கு வந்தது. பல நிறுவனங்களும் எடுத்தாளத்தக்க அதனைச் சாம்சங் முதலியன ஏற்றன. செயலி எழுதுவோர் மக்கள் மிகுந்த தளத்தை நாடினர். மக்களோ செயலிகள் மிகுந்த தளத்தை நாடினர். 2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் போனைத் தேர்ந்தது. செயலிகள் குறைந்த அத்தளம் சந்தையில் வேரூன்றவில்லை. 2014 ஏப்ரலில் அதன் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்ட் வசமாயிற்று.

வரி வழக்கில் சிக்கியிருந்த திருப்பெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அங்கு உற்பத்தி நின்றது. தமிழக இளைஞரும் இளம்பெண்டிரும் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். தொலைநாட்டில் எடுத்த முடிவு நம் வாயிலையும் தொட்டதெனலாம்.

நாளை தொழில் தொடங்கவிருக்கும் மாணவர்கள், இயங்குதளம் இன்றைய பணிக்கு ஏற்றதா, பிறரும் அதில் படைக்க முன்வருவரா, தேவையெனின் அதனின்று விலக இயலுமா என மூன்றையும் ஆராய்தல் வேண்டும். அடித்தளம் தேர்ந்த பின்னரே ஆக்கம் சிறக்கும் என்பது நம் துணிபு.